ஐயாயிரம் மைலும் மாமுவின் கணக்கும்

இந்த லண்டன்காரர்களுக்குத் தூரம் என்றால் மைல்தான். வந்த புதிதில் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், “உங்கள் ஊர் எவ்வளவு தூரம்?” என்று விசாரித்தார். “மூன்று வாரம்” என்றேன். “உங்கள் லீவைக் கேட்கவில்லை, தூரத்தைக் கேட்டேன்” என்றார் மனிதர். ராயபுரத்தில் பிறந்தவனுக்கு வேறு எப்படிச் சொல்ல வரும்? எங்கள் தெருவில் எல்லாம் கப்பல் கணக்கு: ரங்கூன் நாலு நாள், பினாங்கு ஒரு வாரம். மைல் எல்லாம் மாட்டுவண்டிக்கு.

போன வருஷம் தங்கை ஜமீலாவுக்கு நிக்காஹ் நிச்சயமாயிற்று. வாப்பா இல்லாத வீடு. பெண்ணின் சம்மதத்தைக் கேட்டு, அவளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டியவன் நான். ‘நீ வந்து கேட்டால்தான் வாய் திறப்பேன்’ என்று எழுதியிருந்தாள், பிடிவாதக்காரி. என் தகுதிக்கு மீறி விமானத்தில் போனேன். ஐயாயிரம் மைலை இரண்டே நாளில் கடந்து மீனம்பாக்கத்தில் இறங்கினேன். லீவில் ஊருக்கென்று மிஞ்சியது பத்து நாள்.

கல்யாணம் என்றைக்கு என்று மாமுவைக் கேட்டேன். அம்மாவின் தம்பி. துறைமுகத்தில் கப்பல்களை உள்ளே இழுத்துவரும் படகில் வேலை. இன்னும் பதினான்கு நாள் என்றார். பத்தாம் நாள் நான் திரும்பியாக வேண்டும்.

“தேதிதான் தந்தியில் சொன்னேனே மாமு!”

“சொன்னே. கப்பலு வந்தா ஒட்னே வுட்றானா? பத்து நாளு வெளியவே நங்கூரம் போட்டுகினு நிக்குது. ஏரோப்ளேனு மட்டும் இன்னா கொம்பா? அதான் தள்ளி வெச்சேன்.”

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. திரும்பும் தேதியை எழுதாத நான் மட்டும் பெரிய புத்திசாலியா? உள்ளே ஜமீலா விசும்பிக்கொண்டிருந்தாள். அந்த விசும்பல் மாமுவைச் சுட்டிருக்க வேண்டும். யாரிடமும் தலை குனியாதவர், அன்று மாலையே வண்ணாரப்பேட்டையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நின்றார்.

“எங்கணக்கு தப்பாப் பூட்ச்சு சம்பந்தி” என்றார்.

மாப்பிள்ளையின் தகப்பனார் தாடியைத் தடவியபடி யோசித்தார். “அதுக்கு இன்னாத்துக்குப் பேஜாராவுறே? நிக்காவை இந்த ஜும்மாவுக்கே முடிச்சுரலாம். ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு, சோறு மட்டும் சொன்ன தேதியில போடுவோம்.”

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் இரண்டு சாட்சிகளோடு ஜமீலாவிடம் போய்ச் சம்மதம் கேட்டேன். அவள் கணீரென்று “சம்மதம்ணே” என்றாள். அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு ஐயாயிரம் மைல் போகலாம்.

விருந்தன்று நான் லண்டனில் இருந்தேன். ராயபுரத்தில் நண்பகல் என்றால் இங்கே காலை ஆறரை. முந்தின நாளே ஆட்டுக்கறி வாங்கிவைத்து, விடியுமுன் எழுந்து சோறாக்கினேன். வாசம் பிடித்து வீட்டுக்கார அம்மாள் எட்டிப் பார்த்தார்.

“இந்நேரத்தில் என்ன இது?”

“தங்கை கல்யாண விருந்து.”

“அடடா, நீங்கள் போகவில்லையா?”

“போய்விட்டுத்தான் வந்தேன்.”

அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் விருந்தில் நாலு பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை மட்டும் உண்போம். நானும் தரையில் தட்டை வைத்து, பிஸ்மில்லா சொல்லிக் கையை வைத்தேன். வெகு நேரம் உண்டேன். என் பக்கத்துச் சோறு தீர்ந்துவிட்டது. மற்ற மூன்று பக்கமும் அப்படியே இருந்தது.