தம்பிக்கு வந்த சிவப்பு

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த மறுநாள் காலை, அவன் நெஞ்சிலும் முதுகிலும் சிவப்புத் திட்டுகள் வந்திருந்தன. ஒவ்வொரு திட்டின் நடுவிலும் கடுகளவு வெள்ளைக் கொப்புளம். நாங்கள் அப்போது புனேயில் மகர்பட்டா பக்கம் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தோம். பிரசவத்துக்குத் துணையாகக் கோயம்புத்தூரிலிருந்து பெரியம்மா வந்திருந்தாள். அவள் துணியை விலக்கித் தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். எனக்கு அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

"ஆத்தா வந்திருக்கா. ஊசி மருந்துன்னு எங்கயும் தூக்கிட்டுப் போயிராதீங்க மாப்பிள்ளை" என்றாள் அப்பாவிடம்.

அப்பா நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டுகிறவர். ஆத்தாளோடு வாதாடிப் பழக்கமில்லை. டாக்டரிடம் காட்டிவிடலாமே என்று அம்மாவைப் பார்த்து முனகினார். அம்மாவோ, போனால் ஆத்தாளுக்குக் கோபம் வருமோ, போகாவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று இரண்டு பக்கமும் பயந்துபோய்க் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் அப்பா கீழே போய், வாட்ச்மேனிடம் என்ன சொல்லிச் சமாளித்தாரோ, ஒரு வேப்பங்கொத்தோடு வந்தார். பெரியம்மா அதை வாசல் நிலையில் செருகினாள். சமையலறையில் தாளிப்பு நின்றது. டிவியும் நின்றது.

என்னை ஹாலிலேயே இருக்கச் சொன்னார்கள். அப்பா வந்து என் தலையைத் தடவி, "உன்னாலன்னு நெனச்சுக்காத கண்ணு" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அதுவரை அப்படியொரு நினைப்பே எனக்கு வரவில்லை. பெரியம்மா ஏன் என்னைப் பார்த்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. தம்பி அழுதால் என்னால்தான் அழுகிறான் என்று பயந்தேன். அழாமல் கிடந்தால் இன்னும் பயந்தேன். அறைக் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மத்தியானம் காலிங்பெல் அடித்தது. எதிர் ஃபிளாட் மராத்தி அம்மாள். நாங்கள் எல்லாரும் அவளைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். "பச்சா..." என்றாள். குழந்தையைத்தான் சொன்னாள். அவர்கள் வழக்கத்தில், சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்கள் வாசலில் வேப்பிலையைக் கடித்துத் துப்பிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள். சாத்திய கதவு, சத்தமில்லாத வீடு, நிலையில் வேப்பிலை. பாவம், அவளுக்கு வேறு என்ன தோன்றியிருக்கும்?

அறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா அந்த முகத்தைக் கண்டாள். காக்கு எதை நினைத்து அழுகிறாள் என்று அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அக்கா, ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்னையக் கோவிச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தம்பியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நைட்டியோடு லிஃப்டுக்கு ஓடினாள். அப்பா ஆட்டோ பிடித்தார். என்னைத் தனியாக விட முடியாமல் பெரியம்மா இழுத்துக்கொண்டு வந்தாள்.

டாக்டரம்மா திட்டுகளை விரலால் அழுத்திப் பார்த்தார்; காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்; பிறகு சிரித்தார். பிறந்த குழந்தைகள் நிறையப் பேருக்கு இப்படி வரும், இது அம்மையும் இல்லை, யாரிடமிருந்தும் ஒட்டிக்கொண்டதும் இல்லை, மருந்தே வேண்டாம், சில நாளில் தானாகப் போய்விடும் என்று இந்தியில் சொன்னார். நம்ப முடியாமல் அம்மா அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாள். "குச் நஹீ ஹை", ஒன்றுமில்லை என்று அவரும் சலிக்காமல் சொன்னார். அப்பா தமிழில் சொன்னதும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு நன்றி சொன்னாள், டாக்டருக்கு அல்ல, ஆத்தாளுக்கு.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா முதல் தடவையாகத் தம்பியை என் மடியில் வைக்கப் பார்த்தாள். நான் கைகளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒளித்துக்கொண்டேன்.

"பொறாமை! ரெண்டு நாள்ல செரியாப் போயிரும்" என்று பெரியம்மா சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள்.

எல்லாருடைய பயமும் தீர்ந்திருந்தது. எனக்கு இந்தி நன்றாகவே தெரியும். டாக்டரம்மா பேசிய ஒரு வார்த்தைகூட விட்டுப்போகவில்லை. ஆனால் அவர் அம்மாவைப் பார்த்தே சொன்ன அந்த 'ஒன்றுமில்லை' எனக்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. திட்டுகள் மறைந்து தம்பி குப்புற விழத் தொடங்கிய பிறகும் நான் அவனைத் தொடவில்லை.