சோப்பக்காவும் சிவந்த மனிதரும்

சோப்பக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது கடைத்தெருதான். எப்போது பார்த்தாலும் அவள் மேல் சோப்பு வாசனை அடிக்கும். வேலைக்குப் போகும் முன் ஒரு குளியல், வந்ததும் ஒரு குளியல், நடுவில் எத்தனை முறை கை கழுவுவாள் என்பதற்குக் கணக்கே கிடையாது. இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்துவது அவள் தொழில். தெருவில் பாதிப் பேருக்கு அது தெரியும், மீதிப் பேர் தெரியாதது போல இருந்துகொள்வார்கள். காய்கறிக்காரர் மட்டும் மீதிச் சில்லறையை அவள் கையில் கொடுக்காமல் தராசுத் தட்டில் வைப்பார். "ஏன் அண்ணாச்சி, என் கை கடிக்குமா?" என்று அவள் ஒரு நாள் கேட்டுவிட்டாள். மறுநாளிலிருந்து கையிலேயே கொடுக்கிறார், கூடவே ஒரு பிடி கறிவேப்பிலையும்.

அதற்கு முன் அவள் ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்தவள். படுத்த படுக்கையாய்க் கிடந்தவர்களைப் புரட்டிப் போட்டுக் குளிப்பாட்டுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அங்கே இறந்துபோனவர்களைத் துடைத்து அனுப்புவதும் அவள் தலையில் விழுந்தது. மற்றவர்கள் ஒதுங்கிப் போவார்கள். இவளுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. உயிரோடு இருக்கும்போது துடைத்த முதுகுதானே, இப்போது மட்டும் என்ன புதிதாகிவிட்டது என்பாள். பிறகு முறையாகப் பயிற்சி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் பின்னாலிருக்கும் பதப்படுத்தும் கூடத்தில் சேர்ந்தாள். வெள்ளை ஓடு பதித்த அறை, நடுவில் எவர்சில்வர் மேஜை, சுவரில் பெரிய காற்றாடி. அந்த அறையின் ராஜ்ஜியம் அவளுடையது. உதவிக்கு ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு அதையே தேடுகிறவர் என்பதால் அவருக்குக் கண்ணாடி என்றே பெயர்.

விஷத்தால் இறந்தவர்கள் வந்தால் அறையில் நடைமுறையே மாறிவிடும். முதல் கேள்வி, சோதனைக்கு ரத்தம் எடுத்தாயிற்றா என்பது. எடுக்காமல் பதப்படுத்தும் மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றிவிட்டால், எந்த விஷம் என்று பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. பூச்சிமருந்து என்றால் ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியைச் சுழலவிட்டு, கையுறைமேல் கையுறை போட்டுக்கொண்டு, கொஞ்சம் எட்டியே நிற்பாள். வயிற்றிலிருந்து கிளம்பும் வாடை உயிரோடிருப்பவர்களையும் விடாது. விஷக்காளான் தின்று ஈரல் கெட்டு, உடம்பு மஞ்சளாகி வந்தவர்களுக்கு வழக்கமான மருந்தை வழக்கமான அளவில் ஏற்றினால், அந்த மஞ்சள் நிறம் பச்சையாகிவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் கண்ணாடி அப்படி ஒருவரைப் பாசி பிடித்த சிலைபோல ஆக்கி, ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தார்.

ஒரு நாள் காலையில் வந்தவர் இந்த இரண்டு வகையிலும் சேராதவர். லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். குளியலறையில் கேஸ் ஹீட்டர், ஜன்னல் இறுக்கமாகச் சாத்தியிருந்தது. ஹீட்டர் சரியாக எரியாமல் விட்ட கார்பன் மோனாக்சைடு விஷப்புகைக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. குளிக்கப் போனவர் அப்படியே சாய்ந்துவிட்டார். பரிசோதனையெல்லாம் முடித்து, ரத்தமும் எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

துணியை விலக்கியதும் கண்ணாடி தன் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். "அக்கா, இவரு இப்பதான் வாக்கிங் போயிட்டு வந்து படுத்தாப்ல இருக்காரே!"

மாநிற மனிதர். ஆனால் உதடும் நகமும் உள்ளங்கையும் செர்ரிப் பழம்போலச் சிவந்திருந்தன. கன்னத்தில் ஒரு பூரிப்பு.

"அந்தப் புகை பண்ற வேலை அது. ஏமாந்துராத" என்றாள் சோப்பக்கா.

சொன்னவளே ஏமாந்தாள் என்பதுதான் கதை.

ஏற்றும் மருந்தில் இளஞ்சிவப்புச் சாயம் கலந்திருக்கும். கழுத்து ரத்தக் குழாய் வழியாக அது பரவப் பரவ, காது மடலும் நகமும் சிவக்கும். எங்கே சிவக்கவில்லையோ அங்கே மருந்து போகவில்லை என்று அர்த்தம். இவருக்கோ எல்லாமே முன்கூட்டியே சிவப்பு. அதனால் கண்ணை நம்பாமல் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மருந்து போன இடம் இறுகும். போகாத இடம் மெத்தென்று இருக்கும். சோப்பக்கா காதைக் கிள்ளிப் பார்த்தாள், வலது கையை, காலை, வயிற்றை அழுத்திப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்கு. இடது கைக்கு வரும்போது வெளியிலிருந்து ஆள் வந்து, மெக்கானிக்கின் மனைவி காத்திருப்பதாகச் சொன்னார். போகிற போக்கில் நகங்களை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல சிவப்பு. சரி என்று விட்டுவிட்டாள்.

மனைவி மாற்று உடுப்போடு வந்திருந்தார். சின்ன உருவம், கறாரான குரல். மகள் வெளிநாட்டில், விமானம் மாறி மாறி வர வேண்டும், நாளை மறுநாள் காலையில்தான் வந்து சேர்வாள் என்றார். "அதுவரைக்கும் தாங்குமா?"

"கண்டிப்பா தாங்கும்மா. என்னை நம்பலாம்."

மறுநாள், உடை மாற்றி முன்னறையில் படுக்க வைத்த பிறகு, மனைவியை உள்ளே அழைத்தார்கள். அவர் கிட்டே போய்ப் பார்த்தார். வலது கையைத் தொட்டுப் பார்த்தார், சுற்றி வந்து பார்த்தார். முகம் சுளித்தது.

"யாரும்மா இது?"

சோப்பக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்க வீட்டுக்காரர்தாம்மா."

"இல்லங்கறேன். இந்த மனுசன் கன்னத்துல இப்படி ஒரு ரோஸ் நிறத்த நான் கல்யாணத்தன்னிக்கே பாத்ததில்ல. சம்பள உயர்வு கெடச்சப்பக்கூட வெளக்கெண்ணெய் குடிச்ச மூஞ்சியாத்தான் இருந்தாரு. என் பொண்ணு இவரப் பாத்தா, 'அப்பா எங்கம்மா'ன்னு கேப்பா."

கண்ணாடி மெல்ல, "பாக்க அழகாத்தான இருக்காருங்க" என்றார்.

"அழகா இருக்கணும்னு யாருய்யா கேட்டா? அவரா இருக்கணும்."

சோப்பக்காவுக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. பெட்டியைத் திறந்து, பழுப்பையும் கொஞ்சம் மஞ்சளையும் குழைத்தாள். மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் வாட்டமா இருக்கட்டும். ஆங்... மூக்குக்குப் பக்கத்துல ரெண்டு கோடு இருக்குமே, யாரையோ திட்டப் போற மாதிரி."

"யாரத் திட்டுவாரும்மா?"

"யாரு கெடச்சாலும். கதவு சத்தமா சாத்துனா, டீ ஆறிப்போனா, நியூஸ்ல எவன் வந்தாலும்."

சிரித்துக்கொண்டே அவர் கணவரின் கையை எடுத்துத் தன் கையில் வைத்தார். இடது கை. சிரிப்பு நின்றது.

"வலது கை கட்டையாட்டம் இருந்துச்சு. இது மட்டும் ஏம்மா தூங்குற கையாட்டம் தொளதொளன்னு இருக்கு?"

சோப்பக்கா தூரிகையை வைத்துவிட்டு வந்து அழுத்தினாள். முழங்கை, மணிக்கட்டு, விரல். அவள் விரல் அமுங்கியது. மருந்து ஒரு சொட்டும் போகவில்லை. சிவப்பு மட்டும் அப்படியே ஜம்மென்று இருந்தது. முந்தைய நாள் விரலை வைத்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

"இந்தக் கையில எப்பவாச்சும் அடிபட்டுச்சாம்மா?"

"அடியா? லிப்டுல மாட்டித் தோள்பட்டையே நசுங்கிப் போச்சு. ஆபரேஷன் பண்ணாங்க. அதுக்கப்பறம் அந்தப் பக்கம் நாடியே பிடிபடாது. டாக்டருங்க பிரஷர் பாக்கக்கூட அந்தக் கையத் தொட மாட்டாங்க."

அதுதான் விஷயம். தோளில் ரத்தக் குழாய் அடைத்துக்கிடக்க, கழுத்திலிருந்து போன மருந்து அங்கேயே நின்றுவிட்டது. வேறு யாருக்காவது என்றால் கை வெளுத்துக் காட்டிக்கொடுத்திருக்கும்.

"அம்மா, தப்பு என்மேலதான். நகம் செவந்திருக்கேன்னு நம்பிட்டேன். இப்படியே விட்டா, நாளைக்கு இந்தக் கை கெட்டுப்போகும். இப்பவே சரி பண்ணணும். நீங்க வெளிய உக்காருங்க."

மனைவி எழுந்தார். திட்டவில்லை. வாசலருகே நின்று, "பொண்ணு வந்ததும் வேற எதையும் பாக்க மாட்டா. அந்தக் கையத்தான் போய்ப் பிடிப்பா. சின்னதுலேர்ந்து அந்தப் பக்கம்தான் உக்காருவா, வலியெடுத்தா அமுக்கி விடறதுக்கு" என்றார். பிறகு போய்விட்டார்.

மெக்கானிக்கின் சட்டையைக் கழற்றினார்கள். முழங்கைக்கு மேலே உள்பக்கமாகச் சின்னதாய்க் கீறி, குழாயைத் தேடிப் பிடித்து, ஊசியைக் கட்டி, அழுத்தத்தை மிகக் குறைவாக வைத்தாள் சோப்பக்கா. வேகமாக விட்டால் கை வீங்கிப்போகும்.

"நான் பாத்துச் சொல்றேங்க்கா" என்று கண்ணாடி குனிந்தார்.

"பாக்காத! பாத்ததாலதான் இந்த வினை. கண்ண மூடிக்கிட்டு அமுக்கு."

கண்ணாடி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார். இருவரும் மாறி மாறி முழங்கையிலிருந்து விரல்வரை நீவிவிட்டார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளங்கை முதலில் இறுகியது, பிறகு கட்டைவிரல், பிறகு மற்றவை. சுண்டுவிரல் மட்டும் வீம்பு பிடித்தது. அதற்குத் தனியாக ஒரு ஊசி.

"மனுசன் விரல்கூட சிடுசிடுப்பு" என்றார் கண்ணாடி, கண்ணைத் திறக்காமலே.

இரவு வீட்டுக்கு வந்த சோப்பக்கா சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு கேன்டீனில் சமையல்காரராக இருக்கும் அவள் கணவர், "என்ன, உப்பு கூடிருச்சா?" என்றார்.

"உங்க சமையல்ல ஒண்ணுமில்லீங்க. என் சமையல்லதான் ஒரு கை வேகல."

"நானும் மேல பொன்னிறமா இருக்கேன்னு எத்தன கட்லெட்ட உள்ள பச்சையா அனுப்பியிருக்கேன். சாப்பிடு."

ஆறுதலுக்கு இது போதும் என்று அவளும் தட்டை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் மகள் பெட்டியோடு நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். சோப்பக்கா முன்னறையின் கதவோரம் நின்றாள். காலையிலேயே வந்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்திருந்தாள்.

மகள் அம்மா சொன்னபடியே இடப்பக்கம் போய், நாற்காலியைக்கூடத் தேடாமல் மண்டியிட்டு, அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள். நன்றாகவே இறுக்கிப் பிடித்தாள். கை தாங்கியது. பிறகு நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அம்மா, இப்பக்கூடப் பாரேன்... நான் லேட்டா வந்துட்டேன்னு மொறைக்கிறாரு!"

"பின்ன? பூச்செண்டு குடுப்பாரா?" என்றபடி அம்மா மூக்கைச் சிந்தினார்.

மகள் பழக்கத்தில் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அந்தக் கையை அமுக்கிவிட ஆரம்பித்தாள். அம்மா கதவுப் பக்கம் திரும்பி, சோப்பக்காவைப் பார்த்து ஒரே ஒரு முறை தலையை அசைத்தார். சோப்பக்கா கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுக் கை கழுவப் போனாள்.