மாசியில் வந்த மகரந்தம்

சளி மருந்து தீர்ந்தால் குளிர்காலம், தும்மல் மாத்திரை தீர்ந்தால் வசந்தம் என்பது மருந்துக்கடைக் கவுண்டரில் சொல்லித்தரும் முதல் பாடம். என்னைப்போல மாசியிலேயே கண் கடிக்கும் சக தும்மல்காரர்களுக்கு அந்தப் பாடம் எப்போதோ பொய்த்துவிட்டது.

நான் படித்தது தாவரவியல். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி. கிடைத்த வேலை லண்டன் டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில், அதுவும் தற்காலிகமாக.

முன்தட்டு

மகரந்த ஒவ்வாமை மாத்திரைகள் எங்கள் கடையில் சித்திரையில்தான் முன்தட்டுக்கு வரும். இந்தத் தை மாதம் குளிரே சரியாக இல்லை. வேலைக்கு வரும் வழியில், பூங்கா வேலியோரம் ஹேசல் மரங்களில் மஞ்சள் பூச்சரங்கள் அதற்குள் தொங்கிக்கொண்டிருந்தன. குளிர் குறையக் குறைய இவை முந்திப் பூக்கும். மகரந்தமும் முந்திப் பறக்கும். கடைக்காரியும் மருந்தாளருமான ராஜி அக்காவிடம், மாத்திரைகளை இப்போதே வரவழைக்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"வரவழை. ஆனா பிள்ளை, பூ பூத்தாப் போதாது, சனமும் தும்ம வேணும்."

தடிமன்

இரண்டு வாரம் ஒன்றும் விற்கவில்லை. தட்டைத் தூசு தட்டுவதே என் வேலையாயிற்று. பிறகு பஸ் ஓட்டும் சிவம் அண்ணை வந்து, தடிமனுக்கு வழக்கமாக வாங்கும் சளி மருந்தைக் கேட்டார். அதைக் குடித்தால் நித்திரை வரும், பஸ் ஓட்ட ஏலாது, லீவு போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை போட்டுவிட்டாராம். இன்னொன்று போட்டால் விசாரணை.

கேட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை, தொண்டை நோ இல்லை. கண் மட்டும் கடிக்கிறது, ஒவ்வொரு மாசியும். என் ஊகம் தவறினால் அவர் வேலை போகுமே என்று பயந்து அக்காவைக் கூப்பிட்டேன். அவர் விசாரித்துவிட்டு, நித்திரை தராத ஒவ்வாமை மாத்திரை ஒன்றைக் கொடுத்தார். முதல் மாத்திரையை வேலையில்லாத நாளில் போட்டுப் பார்க்கச் சொன்னார். சிவம் அண்ணைக்கு அப்போதும் முகம் தெளியவில்லை.

"தடிமன் எண்டா டிப்போவிலை நம்புவாங்கள். மாசியிலை பூவாலை தும்முறன் எண்டா ஆர் பிள்ளை நம்புவினம்?"

கண்ணாடிக்கு வெளியே

அந்த வாரம் முழுவதும், தெருவில் பஸ் போகும்போதெல்லாம் டிரைவரின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றிலும் அவர் இல்லை. லீவு போட்டுவிட்டாரா, கூப்பிட்டு விசாரிக்கிறார்களா என்று யோசித்தபடி அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அக்கா கடைசியில் வாயைத் திறந்தார்.

"லண்டன் பஸ் எல்லாம் எண்ணி முடிஞ்சா, வந்து கிடக்கிற மருந்துப் பெட்டியளையும் ஒருக்கா உடைச்சு அடுக்கு."

ரசம்

அடுத்த வாரம் சிவம் அண்ணை சீருடையோடு வந்தார். வேறு வழித்தடத்தில் விட்டிருந்தார்களாம். ஒரு நாளும் லீவு இல்லை, விசாரணையும் இல்லை. இன்னொரு பெட்டி மாத்திரை கேட்டார். நல்ல செய்திதானே அண்ணை, ஏன் முகம் இப்படி என்றேன்.

"வீட்டிலை மனிசி என்னோடை கதைக்கிறாள் இல்லை. இத்தினை வருசமா தடிமன் எண்டு சொல்லி மாசி முழுக்க ரசம் வைக்க விட்டனியள் எண்டு கோவம்."

பருவநிலை மாற்றத்தின் பாதிப்புகள் என்று பல்கலைக்கழகத்தில் எத்தனையோ படித்தேன். ரசம் அதில் எங்கும் இல்லை.