குட்டி புதைத்த கை

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். கல்லாவியிலிருந்து கர்நாடக எல்லையை ஒட்டிய தளிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோதே அதுவும் கூட வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் போனில் கன்னடத்தில் பேசிச் சிரித்தால், என்னைத்தான் சொல்கிறார் என்று நினைப்பேன். பதினைந்து வருஷமாகியும் எனக்குக் கன்னடம் பாதிதான் புரியும். புரியாத பாதியில்தான் என்னைப் பற்றிய பேச்சு ஓடுகிறது என்று தோன்றும்.

அதனால் போன கார்த்திகையில் முதல் ஆடு நாலாம் மாதத்திலேயே செத்த குட்டி போட்டபோது, நான் நேராக அவருடைய கோஸ் தோட்டத்தைத்தான் பார்த்தேன். கழித்த இலையை ஆட்டுக்கென்று அவர்தான் கொடுத்தனுப்புவார். மருந்தடித்த இலையாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டி, அன்றோடு வாங்குவதை நிறுத்தினேன். பத்து நாளில் இரண்டாவது ஆடும் போட்டது.

பிறகு என் பார்வை ஓரகத்தி மேல் திரும்பியது. ஒரே முற்றம், இரண்டு அடுப்பு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் விடிவதற்குள் ஓசூர் கம்பெனி பஸ் ஏறிவிடுவார்கள். பகலெல்லாம் அவளும் நானும் ஆடுகளும்தான். கல்யாணமாகி ஆறு வருஷம், அவளுக்குக் குழந்தை இல்லை. சும்மா இருக்கும்போது பட்டிக்குள் வந்து சினை ஆடுகளின் வயிற்றைத் தடவிக்கொண்டு நிற்பாள். கண் வைக்கிறாள் என்று நான் நம்பினேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, பட்டிக் கதவில் கறுப்புக் கயிறு கட்டினேன். யாருக்காகக் கட்டினேன் என்று அவளுக்கும் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிள்ளை பெற்றவள் செத்துப் பிறந்த குட்டியைத் தொட்டால் அவள் பிள்ளைகளுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். எனக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் எடுத்துப் புதைக்கிற வேலை அவள் தலையில்தான் விழுந்தது. வெறும் கையால் குட்டியையும் நஞ்சுக்கொடியையும் அள்ளிப்போய்க் குழி தோண்டிப் புதைத்தாள். எந்தக் கை ஆட்டில் படக்கூடாது என்று கயிறு கட்டினேனோ, அந்தக் கையையே இதற்கு மட்டும் கூப்பிட்டேன்.

மூன்றாவது ஆடு போட்டபோது கொஞ்ச நேரம் தயங்கி நின்றாள். பிறகு இரண்டு கையிலும் கேரி பேக்கைச் சுற்றிக்கொண்டு தூக்கினாள். இதென்ன புதுப் பவுசு என்று நினைத்தேன்.

அன்றைக்குத்தான் கால்நடை டாக்டரைக் கூப்பிட்டோம். புதைக்குமுன் குட்டியிலும் நஞ்சுக்கொடியிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டார், ஆடுகளின் ரத்தத்தையும் எடுத்தார். ஊசி விற்க வழி பார்க்கிறார் என்று அவர் மேலும் எனக்குச் சந்தேகம்தான். சில வாரம் கழித்து ரிசல்ட் வந்ததென்று அவரே வந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, பூனை வளர்க்கிறீர்களா என்பது.

ஆடு செத்த குட்டி போடுகிறது, இவர் பூனையைக் கேட்கிறாரே என்று இருந்தது. எலித் தொல்லை தாங்காமல் புரட்டாசியில் நான்தான் ஒரு குட்டிப் பூனையைக் கொண்டுவந்தேன், தவிட்டு மூட்டைமேல்தான் படுக்கும், இப்போது ஒரு எலி கிடையாது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு குச்சியை எடுத்துத் தவிட்டைக் கிளறினார். கட்டி கட்டியாகப் பூனை மலம்.

எனக்கு அது தெரியாததல்ல. தினமும் சல்லடையில் சலித்து, கட்டியை எறிந்துவிட்டு, மிச்சத்தை ஆட்டுக்குக் கலந்து வைத்தது நான்தான். தவிடு என்ன சும்மாவா வருகிறது. அந்த மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி இருக்கிறது, தீனியோடு உள்ளே போய்க் கருவைக் கலைக்கிறது என்றார் டாக்டர். நான் சல்லடையை எடுத்து மூட்டைக்குப் பின்னால் வைத்தேன். அவர் விடவில்லை.

"வீட்ல மாசமா இருக்கறவங்க யாராச்சும் இருக்காங்களாம்மா? விழுந்த குட்டியத் தொட்டா அவங்களுக்கும் இது வரலாம்."

யாருமில்லை என்றேன். எனக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற ஓரகத்தி அதைக் கீழே வைத்தாள்.

"எனக்கு ரெண்டு மாசம் தள்ளிப் போயிருக்குங்க. மூணு குட்டியும் நாந்தான் எடுத்தேன்."

டாக்டர் போனதும், முன்பே சொல்லியிருக்கக்கூடாதா, மாட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாட்டேன்னா ஏன்னு கேப்பீங்க. உங்க கண்ணுக்குப் பயந்துதான்க்கா சொல்லல."

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இரண்டு முறை அவள் ரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். அவளுக்கு ஒன்றும் தொற்றவில்லை என்றார்கள். அதற்குள் பூனையைத் தீனி அறையிலிருந்து விரட்டி, தவிட்டை மூடி போட்ட டிரம்மில் கொட்டி, கறுப்புக் கயிற்றையும் அறுத்து எறிந்திருந்தேன்.

ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று முற்றத்துக் கட்டிலில் மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கிட்டே போனதும் துண்டை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள்.

"குளிருதுக்கா" என்றாள்.

முற்றத்தில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஆமாம், குளிர்கிறது என்று சொல்லிவிட்டுப் பட்டிப் பக்கம் போனேன்.