எங்கள் தெருவில் இல்லாத ஆள்

துறைமுகத்தில் கப்பலில் ஏறுகிற மூட்டைகளையும் இறங்குகிற மூட்டைகளையும் எண்ணிக் குறிப்பதுதான் முப்பத்துநான்கு ஆண்டுகள் என் வேலை. இத்தனை கப்பல்களை அனுப்பிவைத்தவனிடம் ஒரு பாஸ்போர்ட் இருந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஓர் அறிவிப்பைப் பார்த்தேன். ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றில் நிவாரண அரிசி இறங்கும் கிடங்கில் ஆறு மாதம் தொண்டு செய்ய அனுபவமுள்ளவர்கள் தேவை. சம்பளம் கிடையாது. அறுபத்தைந்து வயது முடிவதற்குள் எல்லாத் தாள்களும் போய்ச் சேர வேண்டும். எனக்கு நூற்று நாற்பத்தொரு நாள் இருந்தது.

“இங்கன எண்ணுனது பத்தலயாக்கும்? ஓசிக்கு எண்ணுததுக்கு பிளேன் ஏறணுமோ?” என்றாள் மனைவி.

விண்ணப்பம் பத்தொன்பது பக்கம், கேள்விகள் எண்பத்தாறு. நெருக்கடியில் எப்படி நடந்துகொள்வீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் நான்கு நாள் பிடித்தது. பதறுவேன் என்று உண்மையை எழுதி, அதை அடித்துவிட்டு, மறுபடி எண்ணிப் பார்ப்பேன் என்று எழுதினேன். வீடியோ நேர்காணலில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் அதைப் படித்துச் சிரித்தார்கள். தேர்வாகிவிட்டேன். ரத்தப் பரிசோதனை, மூன்று ஊசி எல்லாம் முடிந்தன. விண்ணப்பித்திருந்த பாஸ்போர்ட்தான் வரவில்லை. ஐம்பத்திரண்டு நாள் மிச்சமிருந்தபோது ஒரு கடிதம் வந்தது. அந்த முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை என்று காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போயிருக்கிறதாம்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. போலீஸ் வந்து கேட்டால் யாருக்கும் யாரையும் தெரியாது. ஏட்டு விசாரிக்க வந்த அன்று நான் ஊசி போடப் போயிருந்தேன், மனைவி திருச்செந்தூருக்குப் போயிருந்தாள். தெரியாத எண்ணிலிருந்து வந்த ஐந்து அழைப்புகளையும் மோசடி என்று பயந்து நான் எடுக்கவில்லை. அவர் முனைக்கடையில் விசாரித்திருக்கிறார். கடைக்காரத் தம்பியிடம் ஓடினேன்.

“ஏலே, ஏட்டுகிட்ட என்னல சொன்ன?”

“கவலப்படாதிய அண்ணாச்சி. அப்படி ஒரு ஆளே இந்தத் தெருவுல கெடையாதுன்னு அடிச்சிச் சொல்லிட்டோம்லா! எதுத்த வீட்டு அக்காவும் அதயேதான் சொன்னாவ.” முகத்தில் அப்படி ஒரு பெருமை. குரலைத் தாழ்த்தி, “என்ன கேஸு அண்ணாச்சி?” என்றான்.

“கேஸும் இல்ல, ஒண்ணும் இல்ல. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்தவருல்லா அவரு!”

கடையில் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். ஐம்பத்திரண்டு நாள்தான் இருக்கிறது என்று நான் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்கள்.

மறுவிசாரணைக்கு மனுக் கொடுத்தேன். ஏட்டு இரண்டு சாட்சி கேட்டார். காவல் நிலையத்துக்கு என்னோடு வந்தவர்கள் பதினான்கு பேர், எல்லார் கையிலும் ஆதார் அட்டை.

“போன மாசம் இவரத் தெரியாதுன்னீரே?” என்று ஏட்டு கடைக்காரனைப் பிடித்தார்.

“நீங்க எதுக்கு வந்தியன்னு அப்பத் தெரியாதுல்லா சார். இவரு முப்பது வருசமா இங்கனதான் இருக்காரு. ஒரு பால் பாக்கெட் வாங்குனாக்கூட ரெண்டு தடவ எண்ணுவாரு. சீக்கிரம் அனுப்பி வையுங்க சார், புண்ணியமாப் போவும்.”

“ஆறு மாசம்தானா?” என்று எதிர்வீட்டு அம்மாள் பின்னாலிருந்து கேட்டார்.

ஏட்டு சிரிப்பை அடக்கிக்கொண்டு தாளை நீட்டினார். இரண்டு பேர் போதும் என்று சொல்லியும் ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

பாஸ்போர்ட் வந்தபோது பதினோரு நாள் மிச்சம். நகலை அனுப்பிவிட்டு, சேர்ந்ததா என்று கேட்டு மூன்று மின்னஞ்சல் போட்டேன். “சேர்ந்தது, கிடங்கில் உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள்” என்று ஒரே பதில் வந்தது. அடுத்த மாதம் விமானம். இருபத்துமூன்று கிலோ கொண்டுபோகலாம். மனைவி கட்டிய பெட்டி இருபத்தாறு இருக்கிறது. எந்த மூன்று கிலோவை எடுப்பது என்று காலையிலிருந்து இரண்டு பேருக்கும் சண்டை.