இலை எந்த ஊருங்க?

ஜெகதீஸ்வரனை என் குரூப்பிலிருந்து நான் தூக்கிய கதையை இன்றைக்கும் டிரைவர்கள் டீக்கடையில் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆளுக்கொரு கையும் காலும் வைத்துச் சொல்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. நடந்தது இதுதான்.

நான் நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். வெளி மாநிலத்தில் சரக்கை இறக்கிய வண்டி காலியாகத் திரும்பாமல் லோடு பிடித்துக் கொடுப்பது என் தொழில். அதற்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் லோடு சேதி தவிர ஈ, காக்கை நுழையக் கூடாது. முருகன் படம் போட்டவனையே தூக்கியிருக்கிறேன். முருகன் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

ஜெகதீஸ்வரன் சேந்தமங்கலம் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, அளந்த பேச்சு. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு நாக்பூர் போவார். அவர் வண்டியில் ஒரு மூட்டை நனைந்தது என்று யாரும் சொன்னதில்லை. வானம் வெளுத்துக் கிடந்தாலும் தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். படிப்பு எட்டோடு நின்றுவிட்டது. அவர் மகள் கனிஷ்காவும் அப்போது எட்டாம் வகுப்பு.

கொரோனா வந்தது, பள்ளிக்கூடம் வாட்ஸ்அப்புக்குள் போய்விட்டது. ஜெகதீஸ்வரன் குடும்பத்துக்கு ஒரே ஒரு டச் போன். அது லாரியோடு ஊர் சுற்றியாக வேண்டும், லோடு அதில்தானே வருகிறது. வீட்டில் இருப்பது பட்டன் போன். ஆகவே மனிதர் ஒரு வழி கண்டுபிடித்தார். அனிதா டீச்சர் பாடத்தை வகுப்பு குரூப்பில் போடுவார். இவர் வண்டியை ஓரங்கட்டி அதைக் கேட்டு, வீட்டுக்குப் போன் போட்டு வரி வரியாகச் சொல்வார். மகள் எழுதிக்கொள்வாள். அப்புறம் அவள் பதிலைச் சொல்லச் சொல்ல, இவர் அதைத் தன் கட்டைக் குரலில் பேசி டீச்சருக்கு அனுப்புவார். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாவது அலை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஆக்சிஜன், ஆக்சிஜன் என்று ஊரே பதறிக்கொண்டிருந்த நேரம். ஒரு மத்தியானம் என் குரூப்பில் ஜெகதீஸ்வரன் குரல் வந்து விழுந்தது.

“ஆக்சிஜனுங்க. இலையில இருந்து வெளிய வருதுங்க. வெயில் இருந்தாப் போதுங்க.”

குரூப் பற்றிக்கொண்டது. எங்கே லோடு, யாரைப் பார்க்கணும், டேங்கர்தான் வேணுமா என்று சரமாரியாகக் கேள்வி. சூரத்தில் நின்ற ஒருவன், “இலை எந்த ஊருங்க? ஒடிசா பக்கமா?” என்று கேட்டான். அதற்கு இன்னொருவன், “ஆமா, ராய்ப்பூர் தாண்டி” என்று வழி வேறு சொல்லிவிட்டான். எனக்குத் தலைக்கு மேல் ஏறியது. ஜெகதீஸ்வரனை அந்த நிமிடமே தூக்கினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “ஏனுங்ணா, என்னையத் தூக்கிப் போட்டீங்களா?”

“உசுரு போற நேரத்துல ஆக்சிஜன் வெச்சு வெளையாடுவியா நீ?”

“வெளையாட்டு இல்லீங்ணா. பாப்பா சொன்ன பதிலுங்க. டீச்சர் குரூப்புன்னு நெனச்சு நம்ம குரூப்புல போட்டுட்டனுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நாளைக்குப் பத்து மணிக்கு டீச்சர் வாய்ப்பரிச்சை வெக்கறாங்க. மொகம் தெரியப் பேசோணுமாம். நான் நாக்பூர்ல கெடக்கறேன். தோட்டத்து ஊடு, அக்கம்பக்கத்துல கொரோனாவுக்குப் பயந்து ஆரும் போனத் தர மாட்டேங்கறாங்க. என்ற மச்சான் பாப்பாவ மில்லு வேலைக்கு அனுப்ப வேனுக்குப் பேசி வெச்சுட்டாப்ல. எல்லாத்துக்கும் பாஸ் போடறாங்க, இதெல்லாம் ஒரு படிப்பா, டீச்சர் முன்னால பதில் சொல்லிட்டா நான் வாயத் தொறக்கலைங்கறாப்ல. நாந்தான் எட்டோட நின்னுட்டனுங்க. அவளும் நின்னுட்டா என்னால தாங்க முடியாதுங்ணா.”

மறுபடி அவரைச் சேர்த்தேன், டீச்சருக்கு என் நம்பரைக் கொடுக்கச் சொன்னேன். பிறகு குரூப்பில் என் குரலிலேயே உத்தரவு போட்டேன். நாளைக்குப் பத்திலிருந்து பதினொன்று வரை மெசேஜ் கூடாது, போன் கூடாது, எவனும் மூச்சுக் காட்டக் கூடாது. ஏன் என்று சூரத்துக்காரன் கேட்டான். இலை இருக்கிற ஊருக்கு நானே போகிறேன் என்றேன்.

காலையில் மாஸ்க்கும் ஊரடங்கு பாஸுமாக ஸ்கூட்டரில் கிளம்பினேன். அவர்கள் தோட்டத்தில் கோழிக்கூண்டு பக்கத்தில்தான் சிக்னல் கிடைத்தது. கனிஷ்காவின் அம்மா மஞ்சுளா அன்னக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் என் போனைச் சாய்த்து வைத்தாள். கனிஷ்கா எண்ணெய் வழிய வழியச் சடை பின்னி, யூனிபார்ம் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் தாய்மாமன் கட்டிலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பரீட்சை எனக்குத்தான் என்பதுபோல நானும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

திரையில் அனிதா டீச்சர் வந்தார். ஒளிச்சேர்க்கை என்றால் என்ன என்று கேட்டார்.

“பச்சைத் தாவரங்கள்” என்று சொல்லி நிறுத்தினாள் கனிஷ்கா. எனக்குப் பகீரென்றது. “சூரிய ஒளியைப் பயன்படுத்தி” என்றாள். மறுபடி நிறுத்தினாள். மாமன் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “நீரையும் கார்பன் டை ஆக்சைடையும் கொண்டு” என்றாள். மறுபடி நின்றது.

“தெரியலைன்னா பரவால்ல கனிஷ்கா. ஏன் நிறுத்தி நிறுத்திச் சொல்றே?”

“தெரியுங்க மிஸ். அப்பா திருப்பிச் சொல்லோணுமில்லீங்க. அப்படியே பழகிருச்சுங்க.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சுளா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “இனிமே நிறுத்தாமச் சொல்லு சாமி, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார் டீச்சர். அதற்கப்புறம் அந்தப் பெண் பிடித்தாள் பாருங்கள் ஒரு ஓட்டம்! கேள்வி முடியும் முன்பே பதில். கடைசிக் கேள்வி, ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் வாயு எது. நான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன். அவள் சத்தமாகவே சொன்னாள்.

அந்த ஒரு மணி நேரமும் என் போன் ‘டிங்’ என்று ஒரு சத்தம் போடவில்லை. அத்தனை லாரிகளும் வாயை மூடிக்கொண்டிருந்தன.

“நல்லாப் படிச்சிருக்கே” என்று சொல்லிவிட்டு டீச்சர் போனார். மாமன் கட்டிலைவிட்டு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். “மஞ்சு, அந்த மில்லு வேனுக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிப் போடறேன்” என்றார்.

“உங்கப்பாவுக்கு நீயே சொல்லு” என்று போனைக் கனிஷ்காவிடம் கொடுத்தேன். அவள் எங்கள் குரூப்பைத் திறந்தாள். மேலே கிடந்த பழைய மெசேஜ்களைக் கொஞ்ச நேரம் படித்துப் பார்த்துவிட்டு, அதே மாதிரி தட்டினாள்.

“சேந்தமங்கலம் டு ஒன்பதாம் வகுப்பு. லோடு ரெடிங்க.”

சூரத்துக்காரன் பழக்க தோஷத்தில், “எத்தனை டன்?” என்று கேட்டுவிட்டான்.

நாக்பூரிலிருந்து ஜெகதீஸ்வரனின் கட்டைக் குரல் வந்தது. “முப்பத்தெட்டு கிலோங்க. தார்ப்பாய நான் கட்டிக்கறனுங்க.”