கடல் என்று எழுதிய பாட்டில்

2002, பொங்கல் விடுமுறை. தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பெண்கள் விடுதியில் தங்கி எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் ஊருக்குப் போய்விட்டார்கள். ப்ராஜெக்ட் முடியாததால் நான் மட்டும் இருந்தேன். யாரோடும் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நாள் முழுக்கப் போய்விடும்.

கடல் தரையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் என் ப்ராஜெக்ட். மணல் துகள் அளவு ஓட்டுக்குள் வாழும் ஒற்றைச் செல் உயிர்கள் அவை. கழிமுகத்தில் ஒரு வகை இருந்தால், கடலுக்குள் வேறு வகை இருக்கும். கோவளம் பக்கம் இரண்டு இடத்திலும் மண் எடுத்து ஒப்பிட வேண்டும். கழிமுகத்தில் ஏற்கெனவே பல பாட்டில் எடுத்துவிட்டேன்; கடல் மண்தான் பாக்கி.

முதல் தடவை படகில் போனபோது வாந்தி எடுத்து, பயந்துபோய்ப் படகுக்காரரைப் பாதியிலேயே திரும்பச் சொல்லிவிட்டேன். கழிமுக மண்ணையே இரண்டு பாட்டிலில் நிரப்பி, ஒன்றின்மேல் ‘கடல்’ என்று எழுதினேன்.

ஆளில்லாத லேபில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், இரண்டிலும் அதே ஓடுகள். இனி எண்களையும் பொய்யாக எழுத வேண்டும். பேனாவைத் திறந்தேன். கை வரவில்லை.

மறுநாள் காலை கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். படகைப் பார்த்ததும் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். மீன் பிரித்துக்கொண்டிருந்த படகுக்காரரின் மனைவி எழுந்து வந்தார்.

“இன்னாம்மா, தனியா குந்திகினு அயுவுற?”

“கடலுக்குள்ள போகணும்க்கா. பயமா இருக்கு.” பாட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை.

அவர் கணவரிடம் திரும்பி, “தள்ளுய்யா படக. நானும் வரேன்” என்றார்.

“பொம்பளைங்க ஏர்ற வயக்கம் இல்லடி!”

“அப்ப இந்தப் பொண்ணு இன்னா ஆம்பளையா?”

படகு அலையில் எகிறியபோது என் கையை இறுக்கிப் பிடித்தார். அந்தக் கையும் நடுங்கியது. அவர் அன்றுதான் முதல்முதலாகக் கடலுக்குள் வருகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. இரண்டு பேருமே வாந்தி எடுத்தோம். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கயிறு கட்டி இறக்கிய இரும்பு வாளியில் மண் வந்தது.

அந்த மண்ணில் நான் அதுவரை பார்க்காத ஓடுகள் இருந்தன. பேராசிரியையிடம் நடந்ததைச் சொன்னேன். “அப்ப உன்னோட மத்த பாட்டிலை எல்லாம் எப்படிம்மா நம்புறது?” என்று மட்டும் கேட்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். கூடப் படித்தவர்கள் முடித்துப் போன பிறகும் ஆறு மாதம் அந்த விடுதியில் தனியாக இருந்தேன்.

பயத்தில் அழுகிறேன் என்று நம்பித்தான் அந்த அக்கா படகில் ஏறினார். உண்மையைச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்படித் தோன்றும்போதெல்லாம், சொல்லாமல் வந்தது இன்னும் அதிகமாக உறுத்துகிறது.